பொருள் நிற்கும் இடம்: ஆங்கில இருசொற்றொடர்களின் வரலாறும் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இணைந்து ஒரு கலைச்சொல்லாக நிலைபெறும்போது, அதன் பொருளை அவ்விரு சொற்களின் பொருளைக் கூட்டிப் பெற இயல்வதில்லை. அச்சொற்களை இணைத்த வரலாற்றுச் சூழலே பொருளைத் தருகின்றது. சூழல் மறக்கப்பட்ட பின்னர், தொடர் புதிய பொருளை ஏற்கின்றது. சில வேளைகளில் தொடக்கப் பொருளுக்கு மாறான பொருளையும் ஏற்கின்றது. சிவப்பு நாடா, வெள்ளை அறிக்கை, இரும்புத்திரை, பனிப்போர், மூன்றாம் உலகம், வதைமுகாம் எனத் தமிழில் வழங்கும் தொடர்களின் ஆங்கில மூலங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது. தொகைச்சொல்லின் பொருள் எங்கே நிற்கின்றது என்னும் தமிழிலக்கணக் கேள்வி இவ்வாய்வுக்குக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: தொகைநிலைத்தொடர், அன்மொழித்தொகை, பொருள் மாற்றம், வெள்ளை அறிக்கை, பனிப்போர், மூன்றாம் உலகம், முகாம், தமிழாக்கம்.

முன்னுரை

வரலாற்று நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்களுள் இருசொற்றொடர் முதன்மையானது. தனிச்சொல்லுக்கு அகராதி துணை நிற்கின்றது. நீண்ட தொடருக்கு இலக்கணமும் சூழலும் துணை நிற்கின்றன. இருசொற்றொடரோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் உறுப்புகள் எளியவை. ஒவ்வொன்றின் பொருளும் பள்ளி மாணவர் அறிந்ததே. அவை இணைந்த பின்னர்ப் பொருள் வேறாகின்றது. 'வெள்ளை' என்பதும் 'தாள்' என்பதும் அறிந்த ஒருவர், அவ்விரண்டும் சேர்ந்து அரசின் கொள்கை விளக்க ஆவணத்தைக் குறிக்கும் என்பதை அச்சொற்களிலிருந்து ஊகிக்க இயலாது.

இச்சிக்கலை மொழிபெயர்ப்புச் சிக்கலாக மட்டும் கருதுவது போதாது. இருசொற்றொடர்கள் பல, அரசுகளும் போர்களும் இயக்கங்களும் உருவாக்கியவை. ஒரு நிகழ்வுக்கு எந்தத் தொடர் பெயராகின்றதோ, அத்தொடரே அந்நிகழ்வைப் பின்வருவோர் புரிந்துகொள்ளும் வழியையும் வகுக்கின்றது. ஆகவே ஒரு தொடர் எப்போது, யாரால், எதற்காக இணைக்கப்பட்டது என்பதை அறிவது வரலாற்றாய்வின் பகுதியாகும்.

தொகையும் பொருள் சிறக்கும் இடமும்

தொல்காப்பிய எச்சவியல் தொகைகளை வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என ஆறாகப் பகுக்கின்றது. அதனோடு அமையாது, தொகையின் பொருள் எச்சொல்லின்மேல் நிற்கும் என்னும் கேள்வியையும் எழுப்புகின்றது. முன்மொழியில் நிற்கலாம், பின்மொழியில் நிற்கலாம், இருமொழியிலும் ஒருங்கே நிற்கலாம், அவற்றுள் எதிலும் நில்லாது புறத்தேயுள்ள வேறொரு சொல்லிலும் நிற்கலாம். நன்னூல் பொதுவியலும் இந்நான்கு நிலைகளையும் வகுத்துரைக்கின்றது.

மேலைமொழியியலார் கூட்டுச்சொற்களை ஆராய்ந்தபோது இதே கேள்விக்கே வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமொழி இலக்கணம் ஐரோப்பியரின் ஆய்வுக்கு உள்ளானதன் பயனாக, தத்புருஷம், துவந்துவம், பகுவிரீகி ஆகிய வடமொழிக் கலைச்சொற்கள் ஆங்கில இலக்கண நூல்களிலும் இடம்பெற்றன. லியோனார்டு புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட 'மொழி' என்னும் நூல், பொருள்மையம் தொடருக்குள்ளேயே அமைந்தவை, புறத்தே அமைந்தவை எனக் கூட்டுச்சொற்களைப் பிரித்துக் காட்டியது. தமிழ் மரபு 'அன்மொழி' எனக் குறித்ததற்கு இப்புறமையத் தொடர்கள் பெரிதும் நெருங்கியவை.

ஆங்கிலத்தில் 'ஸ்டீம் என்ஜின்' என்பதன் பொருள் பின்மொழியில் நிற்கின்றது. அது நீராவியால் இயங்கும் ஓர் எந்திரமே. 'டிராபிரிட்ஜ்' என்பது தூக்குப்பாலம். தமிழ் வினைத்தொகையைப் போலவே அதன் முதலுறுப்பு காலங்காட்டாத வினையடியாக நிற்கின்றது. 'ரெட்கோட்' என்பதோ சிவப்பு மேலங்கியைக் குறியாது, அதனை அணிந்த பிரித்தானியப் போர்வீரனைக் குறிக்கின்றது. 'பொற்றொடி' என்பது வளையலைக் குறியாது அதனை அணிந்தவளைக் குறிப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

'புளூஸ்டாக்கிங்' என்னும் சொல்லின் வரலாறு இவ்வகையில் அறிவூட்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் எலிசபெத் மாண்டேகு முதலான பெண்கள் சீட்டாட்டத்தை விலக்கி இலக்கிய உரையாடலுக்கெனக் கூட்டங்கள் நடத்தினர். அக்கூட்டத்திற்கு வந்த பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃபிளீட் என்னும் அறிஞர், விருந்துக்குரிய கரும்பட்டுக் காலுறைக்கு மாறாக, எளிய நீலக் கம்பளிக் காலுறை அணிந்து வந்தார் என்பர். ஓர் ஆணின் காலுறை முதலில் அக்குழுவின் பெயராயிற்று. பின்னர் அக்குழுவின் பெண்களைக் குறித்தது. அதன்பின் கல்வியில் ஈடுபட்ட எப்பெண்ணையும் இகழும் சொல்லாக மாறியது. சொற்கள் மாறவில்லை. அவற்றின் புறத்தே நின்ற பொருளே மூன்று முறை இடம்பெயர்ந்தது.

அன்மொழித்தொகைக்கும் இருபெயரொட்டு ஆகுபெயருக்கும் உள்ள எல்லை குறித்து உரையாசிரியர்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரை 'அன்மொழி' என்பதைப் பொருள் புறத்தே நிற்கும் நிலை என்னும் பரந்த கருத்திலேயே ஆள்கின்றது.

நிறம் அடையாகிய தொடர்கள்: நாடாவும் அறிக்கையும்

ஆங்கிலத்தில் 'ரெட் டேப்' என்பது தொடக்கத்தில் வெறும் பண்புத்தொகையே. இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களையும் அரசு ஆவணங்களையும் சிவந்த நாடாவினால் கட்டி வைப்பது பதினேழாம் நூற்றாண்டு முதலே வழக்கில் இருந்தது. கட்டை அவிழ்த்தால்தான் ஆவணத்தைப் படிக்க இயலும். படித்த பின்னர் மீண்டும் கட்டவேண்டும். இச்செயலே நாளடைவில் அலுவலகத் தாமதத்தின் குறியீடாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாமஸ் கார்லைலும் சார்லஸ் டிக்கன்ஸும் இத்தொடரை எள்ளலாகக் கையாண்டு பரவச் செய்தனர். கார்லைலின் 1850ஆம் ஆண்டுத் துண்டறிக்கைகளில் இது அரச நிர்வாகத்தைச் சாடும் படைக்கலமாக விளங்குகின்றது.

இந்திய மொழிகள் இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டன. தமிழில் 'சிவப்பு நாடா', இந்தியில் 'லால் ஃபீத்தா' என்பன வழங்குகின்றன. நேர்பெயர்ப்பு இங்கு இடர் தராமைக்குக் காரணம் உண்டு. காலனிய ஆட்சி தொடரை மட்டும் கொண்டுவரவில்லை; கோப்பையும் நாடாவையும் அவற்றைக் கட்டும் அலுவலக முறையையும் உடன் கொண்டுவந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நாடாவால் கட்டிய கோப்புக் கட்டுகளைக் கண்ட மக்களுக்குச் 'சிவப்பு நாடா' என்பது அயற்சொல்லாகத் தோன்றியிராது. பொருளும் சொல்லும் ஒருங்கே வந்து சேர்ந்த நிலை இது.

வெள்ளை அறிக்கையின் வரலாறு இதற்கு மாறானது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட பருத்த அறிக்கைகள் நீலத்தாள் அட்டையிடப்பெற்று 'நீல நூல்' எனப்பட்டன. அட்டை தேவைப்படாத அளவுக்குச் சிறியனவாக இருந்த ஆவணங்கள் உட்தாளின் நிறத்திலேயே வெளியாயின. அவை 'ஒயிட் பேப்பர்' எனப்பட்டன. ஆகவே தொடக்கத்தில் 'வெள்ளை' என்பது அட்டையின்மையை உணர்த்தியதேயன்றி வேறொன்றையும் உணர்த்தவில்லை. பின்னர் இத்தொடர் அரசு தன் கொள்கையை அறிவிக்கும் ஆவணத்திற்கு உரியதாயிற்று. 1960களின் பிற்பகுதியில், கருத்துக் கேட்பிற்கென வெளியிடப்படும் ஆவணம் 'பச்சைத் தாள்' எனப் பெயர் பெற்றபோது, அட்டையின் நிறமே ஆவணத்தின் வகையைச் சுட்டும் முறை முழுமையடைந்தது.

இவ்வாவணங்கள் சில பெருவிளைவுகளை ஏற்படுத்தியவை. வட்டமேசை மாநாடுகளைத் தொடர்ந்து 1933 மார்ச்சில் வெளியான இந்திய அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிய வெள்ளை அறிக்கையே 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திற்கு அடிப்படையாயிற்று. 1939ஆம் ஆண்டுப் பாலஸ்தீன வெள்ளை அறிக்கை, ஐந்தாண்டுகளில் யூதர் குடியேற்றத்தை 75,000 பேர் என வரையறுத்தது. விடுதலைக்குப் பின்னர் இந்திய ஒன்றிய அரசு சுதேச சமஸ்தானங்களின் இணைப்பைப் பற்றி 1948இல் வெள்ளை அறிக்கை வெளியிட்டது.

தமிழ்நாட்டு அரசியலில் இத்தொடர் வேறொரு பொருட்சாயலைப் பெற்றுள்ளது. எதிர்க்கட்சிகள் 'வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும்' எனக் கோரும்போது, அவை அரசின் கொள்கை விளக்கத்தைக் கேட்பதில்லை. மறைக்கப்பட்டதாகத் தாம் கருதும் உண்மைக் கணக்கையே கேட்கின்றன. 2021 ஆகஸ்டு 9 அன்று வெளியான தமிழ்நாட்டு நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையும் முந்தைய ஆண்டுகளின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றை வெளிப்படுத்தும் ஆவணமாகவே அமைந்தது. வெள்ளை மனம், வெள்ளை உள்ளம், வெள்ளந்தி என்றாற்போன்று, தமிழில் 'வெள்ளை' கள்ளமின்மையைச் சுட்டும் சொல்லாகும். அட்டையின் நிறம் மறக்கப்பட்ட இடத்தைத் தமிழ்ச்சொல்லின் பண்புப்பொருள் நிரப்பியுள்ளது எனக் கொள்ள இடமுண்டு. மூலத்தில் இல்லாத ஒரு கடமையை, அதாவது உண்மையை ஒளிக்காது கூறும் கடமையை, தமிழ்த்தொடர் அரசின்மேல் சுமத்துகின்றது. இதனைப் பிழை எனல் பொருந்தாது. ஏற்ற மொழி தந்த புதுப்பொருள் எனல் தகும்.

'கறுப்பு' என்னும் அடை பெற்ற தொடர்களில் தமிழ் வேறு வழியை மேற்கொண்டது. 'பிளாக் மார்க்கெட்' என்பது 'கள்ளச்சந்தை' ஆயிற்று. நிறம் விலக்கப்பட்டுக் கருத்து பெயர்க்கப்பட்டது. 'பிளாக் மணி' மட்டும் 'கறுப்புப் பணம்' என நிறத்தோடு நிலைத்தது. 'கள்ளப்பணம்', 'கள்ளநோட்டு' என்பன போலிப் பணத்திற்கு உரியனவாக இருந்தமை இதற்குக் காரணமாகலாம். கறுப்புப் பணம் போலியன்று. கணக்கில் வாராத மெய்ப்பணம். இவ்வேறுபாட்டைக் காக்க அயல்மொழியின் நிறம் தேவைப்பட்டது.

அரங்கிலிருந்து அரசியலுக்கு: இரும்புத்திரையும் பனிப்போரும்

'அயர்ன் கர்ட்டன்' என்பது நாடக அரங்கின் தொழிற்சொல். மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த மேடைகளில் தீ விபத்து அடிக்கடி நிகழ்ந்தது. மேடையில் பற்றும் தீ பார்வையாளரை எட்டாதவாறு இடையே இறக்கப்படும் இரும்புத் தடுப்பே இத்திரை. 1794இல் புதிதாகத் திறக்கப்பட்ட இலண்டன் டுரூரி லேன் அரங்கில் இத்தகைய திரை அமைக்கப்பட்டிருந்தது. எனினும் அவ்வரங்கு 1809இல் தீக்கிரையாயிற்று.

அரங்கில் இத்திரை காப்பதற்கு உரியது. அரசியலில் அது மறைப்பதற்கும் பிரிப்பதற்கும் உரியதாயிற்று. எத்தல் ஸ்னோடன் 1920இல் சோவியத் உருசியப் பயணத்தைப் பற்றிய தம் நூலில் இத்தொடரை ஆண்டார். 1945 பெப்ரவரியில் நாஜி ஜெர்மனியின் பரப்புரை அமைச்சர் கோயபல்சும் தம் கட்டுரையொன்றில் சோவியத்துக்கு எதிராக இதனை ஆண்டார். வின்ஸ்டன் சர்ச்சில் 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஃபுல்ட்டன் நகரில், குடியரசுத்தலைவர் ட்ரூமன் முன்னிலையில் ஆற்றிய உரையே இத்தொடரை உலகறியச் செய்தது. பால்டிக் கடலோரத்து ஸ்டெட்டின் முதல் அட்ரியாட்டிக் கடலோரத்து டிரியஸ்ட் வரை திரை இறங்கிவிட்டதாக அவர் உரைத்தார்.

இத்தொடரைச் சர்ச்சிலின் ஆக்கமாகவே பாடநூல்கள் பல குறிக்கின்றன. மேற்கண்ட சான்றுகள் அதனை மறுக்கின்றன. ஒரு தொடரை முதலில் ஆண்டவர் ஒருவராகவும் அதற்கு நிலைபேறு தந்தவர் மற்றொருவராகவும் இருத்தல் கூடும். அரங்க நினைவு மறைந்த பின்னர், 'யார் எதிலிருந்து காக்கப்படுகின்றனர்' என்னும் மூலக்கேள்வியும் மறைந்தது. 1960இல் எஸ். எஸ். வாசன் இயக்கி வெளிவந்த தமிழ்த் திரைப்படம் 'இரும்புத்திரை' என்னும் பெயரைத் தாங்கி, ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பிளவைப் பேசியது. பதினைந்தாண்டுகளுக்குள் இத்தொடர் ஐரோப்பிய எல்லையை விட்டு நீங்கி, எவ்விரு தரப்பினரையும் பிரிக்கும் தடையைச் சுட்டும் பொதுத்தொடராகத் தமிழில் வேரூன்றிவிட்டது என்பதை இதனால் அறியலாம்.

'கோல்டு வார்' என்னும் தொடரை அணுகுண்டுக்குப் பிந்தைய சூழலோடு இணைத்து ஆண்டவர்களுள் ஜார்ஜ் ஆர்வெல் முற்பட்டவர். ஹிரோஷிமா, நாகசாகி அழிவு நிகழ்ந்து இரண்டரைத் திங்களுக்குள், 1945 அக்டோபர் 19 அன்று 'டிரிபியூன்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இத்தொடர் இடம்பெறுகின்றது. அணுகுண்டு பெற்ற பேரரசுகள் தம்முள் நேரடியாகப் பொருதாமல், அமைதியும் அல்லாத போரும் அல்லாத நிலையில் நெடிது நீடிக்கும் என்பதே அவர் கருத்து. 1947 ஏப்ரலில் பெர்னார்டு பரூக் தென் கரோலினாவில் ஆற்றிய உரை அமெரிக்க–சோவியத் பகைமைக்கு இப்பெயரைப் பொருத்தியது. அதே ஆண்டில் வால்டர் லிப்மன் இதனைத் தம் நூலின் தலைப்பாக்கினார்.

தமிழ் 'குளிர்ப்போர்' என்னாது 'பனிப்போர்' என ஆக்கிக்கொண்டது. பனி என்பது குளிரை மட்டுமன்றிப் பழந்தமிழில் நடுக்கத்தையும் அச்சத்தையும் உணர்த்தும். 'பனித்தல்' என்பதற்கு நடுங்குதல் என்பது பொருள். அணுப்போர் அச்சத்தில் உலகம் கழித்த பத்தாண்டுகளுக்கு இத்தமிழ்த்தொடர் மூலத்தினும் பொருந்துவதாக உள்ளது. எனினும், ஒரு குறைபாடு மூலத்திலிருந்தே தமிழுக்கும் வந்துள்ளது. இப்போர் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையேதான் தணுத்திருந்தது. 1950 முதல் 1953 வரை கொரியாவிலும், அதன்பின் வியட்நாமிலும் அது பல இலட்சம் உயிர்களைக் கொன்ற போராகவே நிகழ்ந்தது. பெயரின் அடைமொழி வல்லரசுகளின் பார்வையிலிருந்து வந்தது. போர்க்களமான நாடுகளின் பட்டறிவிலிருந்து வந்ததன்று. ஆசிய வரலாற்றை எழுதுவோர் இத்தொடரை ஆளும்போது இதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

எண் அடையாகிய தொடர்: மூன்றாம் உலகம்

'தேர்டு வேர்ல்டு' என்னும் ஆங்கிலத் தொடர் பிரெஞ்சு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது. மக்கள்தொகை அறிஞரான ஆல்ஃபிரெட் சோவி 1952 ஆகஸ்டில் பாரிசு இதழொன்றில் எழுதிய கட்டுரையில் இதனை முதலில் ஆண்டார். அவர் மனத்தில் இருந்தது 1789ஆம் ஆண்டு. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் குருமார் முதல் வகுப்பாகவும், பிரபுக்கள் இரண்டாம் வகுப்பாகவும், ஏனைய மக்கள் அனைவரும் மூன்றாம் வகுப்பாகவும் வகுக்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் சியேயஸ் வெளியிட்ட துண்டுநூல், நாட்டின் பெரும்பகுதியாக இருந்தும் அரசியலில் ஒன்றுமில்லாதிருந்த அம்மூன்றாம் வகுப்பின் உரிமையை நிலைநாட்டியது. முதலாளிய நாடுகளும் பொதுவுடைமை நாடுகளும் பொருதும் உலகில், புறக்கணிக்கப்பட்ட பெரும்பான்மையான நாடுகளும் அம்மூன்றாம் வகுப்பைப் போன்றே எழும் என்பது சோவியின் குறிப்பு.

பிரெஞ்சு மொழியில் வரிசை எண்ணைச் சுட்டும் இயல்பான சொல் 'துருவாசியெம்'. சோவி அதனை விலக்கி, வகுப்பின் பெயரில் நின்ற பழஞ்சொல்லாகிய 'தியேர்' என்பதையே ஆண்டார். பிரெஞ்சு வாசகருக்கு அச்சொல் புரட்சியை உடனே நினைவூட்டும். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லே உண்டு. ஆகவே பெயர்ப்பில் புரட்சி மறைந்து தரவரிசை எஞ்சியது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தபோது 'மூன்றாம் உலகம்' என்பது 'மூன்றாந்தரம்' என்பதற்கு மேலும் நெருங்கியது.

1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1961இல் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு நிகழ்ந்தது. இக்காலத்தில் இத்தொடர் பெருமிதத்திற்குரியதாகவே விளங்கியது. மா சேதுங் 1974இல் உலகை வேறு வகையில் மூன்றாகப் பகுத்தார். அவர் பகுப்பில் அமெரிக்காவும் சோவியத்தும் முதல் உலகம், சப்பான், ஐரோப்பா, கனடா ஆகியன இரண்டாம் உலகம். ஒரே தொடர் இரு வேறு பகுப்புகளுக்கு உரியதாக இருந்தமையின், அக்காலச் சான்றுகளைப் படிப்போர் எப்பகுப்பு ஆளப்பட்டுள்ளது என ஆய்ந்தறிதல் தேவை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் இரண்டாம் உலகம் இல்லாதொழிந்தது. இரண்டு இல்லாத வரிசையில் மூன்று மட்டும் எஞ்சி, ஏழ்மையையும் சீர்கேட்டையும் சுட்டும் இகழ்ச்சிச் சொல்லாயிற்று. உரிமைக்குரலாகப் பிறந்த தொடர், அவ்வுரிமையைக் கோரியவர்களுக்கே இழிவுப் பெயராக முடிந்தது.

ஒரு முகாமும் பல பெயர்களும்

பொருள் மாற்றத்தின் கடுமையான சான்று 'கான்சன்ட்ரேஷன் கேம்ப்' என்னும் தொடராகும். அதன் முதலுறுப்புக்கு ஓரிடத்தில் திரட்டுதல் என்பதே பொருள். துன்புறுத்தல் என்னும் பொருள் அதனுள் இல்லை. 1896இல் கியூபாவில் கிளர்ச்சியை ஒடுக்க முனைந்த ஸ்பானியத் தளபதி வேலர், ஊர்ப்புற மக்களைக் காவல் சூழ்ந்த நகரங்களில் திரட்டி அடைத்தார். அம்முறை ஸ்பானிய மொழியில் 'மறுதிரட்டல்' எனப்பட்டது.

1900 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர்களின் பண்ணைகளை எரித்த பிரித்தானியப் படை, வீடிழந்த பெண்களையும் குழந்தைகளையும் கூடார முகாம்களில் அடைத்தது. அதிகாரிகள் முதலில் இவற்றை 'அகதி முகாம்' என்றே குறித்தனர். எமிலி ஹாப்ஹவுஸ் 1901இன் தொடக்கத்தில் முகாம்களை நேரிற்கண்டு எழுதிய அறிக்கை, உணவுக்குறைவையும் தட்டம்மை முதலிய நோய்களையும் குழந்தைகளின் இறப்பையும் இங்கிலாந்துக்கு உணர்த்தியது. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் முழுவதும் பெண்களே அடங்கிய ஆணையம் அமைக்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 28,000 போயர்கள் இம்முகாம்களில் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். தனியே அமைந்த கறுப்பின மக்களின் முகாம்களில் பதிவான இறப்புகள் மட்டும் 14,000ஐக் கடந்தவை. இவ்விரண்டாவது எண்ணிக்கை நெடுங்காலம் வரலாற்று நூல்களில் இடம்பெறாதிருந்தது.

1933 மார்ச்சில் தாக்காவ் முகாம் திறக்கப்பட்டபோது நாஜிகள் இதே தொடரின் ஜெர்மானிய வடிவத்தை ஆண்டனர். போருக்குப்பின் அத்தொடரின் பொருளை அம்முகாம்களின் கொடுமையே முழுமையாகக் கவர்ந்துகொண்டது. தமிழில் 'வதைமுகாம்' என்பது அவ்வரலாற்றிலிருந்தே பொருள் பெற்ற ஆக்கம். நாஜி முகாம்களுக்கு அது பொருந்தும். ஆயினும் இரண்டு இடர்கள் எழுகின்றன. முதலாவது, கொல்வதற்கென்றே அமைந்த டிரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் போன்ற அழித்தொழிப்பு முகாம்களுக்கும் ஏனைய முகாம்களுக்கும் உள்ள வேறுபாட்டை அது மறைக்கின்றது. இரண்டாவது, 1901ஆம் ஆண்டுச் சான்றில் இத்தொடரைக் கண்டு 'வதைமுகாம்' எனப் பெயர்த்தால், பிந்தைய வரலாறு முந்தைய ஆவணத்தின்மேல் ஏற்றப்படுகின்றது.

இத்தகைய சிக்கல் அமெரிக்காவிலும் எழுந்தது. 1942 பெப்ரவரி 19 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 'மறுகுடியமர்த்த மையம்' என்பதே அரசு வழங்கிய பெயர். 1998இல் எல்லிஸ் தீவில் நடைபெற்ற கண்காட்சி இவற்றுக்குக் 'கான்சன்ட்ரேஷன் கேம்ப்' எனப் பெயரிட்டபோது யூத அமைப்புகள் சில மறுப்புத் தெரிவித்தன. பின்னர் இரு தரப்பினரும் பேசி, தொடரை நீக்காமல் விளக்கக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தனர். ஒரு தொடரின்மேல் இரு மக்கட்கூட்டங்களின் நினைவுகள் உரிமை கோரும்போது எடுக்கத்தக்க முடிவுக்கு இது முன்மாதிரியாகும்.

ஈழத்தமிழர் வரலாற்றுக்கும் இது அயலான செய்தியன்று. 2009இல் போர் முடிந்தபின், வவுனியா மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ 2,80,000 மக்கள் அடைக்கப்பட்டனர். வெளியே செல்லும் உரிமை அவர்களுக்குப் பல மாதங்கள் மறுக்கப்பட்டிருந்தது. அரசு அவற்றை 'நலன்புரி' என்னும் அடைகொடுத்துப் பெயரிட்டது. மனித உரிமை அமைப்புகள் 'தடுப்பு முகாம்' என்றன. 1901இல் 'அகதி முகாம்' என்பதும் 1942இல் 'மறுகுடியமர்த்த மையம்' என்பதும் செய்த வேலையையே இவ்வடைமொழியும் செய்தது. பின்மொழி முகாமைக் காட்டுகின்றது. முன்மொழி அதன் தன்மையை மறைக்கின்றது. ஆவணக் காப்பகங்களில் பிற்காலத்தார் காணப்போவது இம்முன்மொழிகளையே.

தமிழாக்கத்தின் மூன்று வழிகள்

மேற்கண்ட சான்றுகளால் தமிழ் மூன்று வழிகளைப் பின்பற்றியுள்ளமை புலனாகின்றது. முதலாவது நேர்பெயர்ப்பு: சிவப்பு நாடா, இரும்புத்திரை, மூன்றாம் உலகம். இரண்டாவது கருத்துப்பெயர்ப்பு: கள்ளச்சந்தை, வதைமுகாம். மூன்றாவது, ஓர் உறுப்பை நேராகவும் மற்றோர் உறுப்பைத் தமிழ் வழக்கிற்கேற்பத் திரித்தும் அமைப்பது: பனிப்போர், வெள்ளை அறிக்கை.

நேர்பெயர்ப்பு மூலத்தின் காலத்தைக் கடந்தும் நிற்கவல்லது. ஆனால் பொருளை விளக்காது. கருத்துப்பெயர்ப்பு பொருளை உடனே விளக்கும்; ஆனால் ஒரு குறிப்பிட்ட காலத்துப் பொருளையே நிலைப்படுத்திவிடும். வரலாற்று ஆவணங்களைப் பெயர்ப்போருக்கு இது இன்றியமையாத வேறுபாடு. கூபா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது 'அடைப்பு முகாம்' எனவும், நாஜி முகாம்களுக்கு 'வதைமுகாம்' எனவும், கொல்லுவதற்கென்றே அமைந்தவற்றுக்கு 'அழித்தொழிப்பு முகாம்' எனவும் பிரித்து வழங்குதல் தெளிவு தரும்.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. ஆங்கில அரசியல் இருசொற்றொடர்கள் பல, பொருள் உள்நிற்கும் தொகையாகத் தொடங்கிக் காலப்போக்கில் பொருள் புறத்தே நிற்கும் அன்மொழியாக மாறுகின்றன. தமிழிலக்கணம் வகுத்த பொருள் நிற்கும் இடங்கள், வரலாற்று மாற்றத்தின் படிநிலைகளாகவும் பயன்படுகின்றன.

2. மூலச்சூழல் மறக்கப்படும்போது அவ்விடத்தை ஏற்கும் மொழியின் சொற்பண்பு நிரப்புகின்றது. வெள்ளை அறிக்கை உண்மையைக் கோரும் தொடரானதும், மூன்றாம் உலகம் தரத்தைச் சுட்டும் தொடரானதும் இதன் இரு திசைகள்.

3. அடைமொழியைத் தெரிந்தெடுப்பவரின் நோக்கமே தொடரின் முதற்பொருளாகின்றது. வல்லரசுக்குப் போர் குளிர்ந்திருந்தது. அதிகாரிக்கு முகாம் அடைக்கலமாயிருந்தது. அடைபட்டோரும் அடிபட்டோரும் வேறு பெயரிட்டனர்.

4. ஆகவே இருசொற்றொடரைத் தமிழாக்குவோர், அதன் அகராதிப் பொருளோடு அது ஆளப்பட்ட ஆண்டையும் ஆண்டவரையும் அறிந்து பெயர்த்தல் வேண்டும். ஓர் ஆவணத்தில் எப்பெயர் வழங்கியது என்பதை மாற்றாது பதிந்து, அப்பெயர் எதனை மறைத்தது என்பதை உடன் விளக்குதலே வரலாற்றுக்கும் அதில் இறந்துபட்டோருக்கும் நேர்மையாகும்.